வாளுக்கு வேலையில்லாத ஒரு செஷன்: ஏரி, மதகு, கோபோல்டு முட்டைகள்

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடுகிற நண்பர்களிடம் "அடுத்த செஷனில் சண்டை இருக்காது" என்று சொன்னால், "அப்படியென்றால் நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட இந்த விளையாட்டு, பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் போரிடும் ஆட்டங்களிலிருந்து பிறந்தது. அந்த வம்சாவளி இன்றைக்கும் பாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட்டில் தெரிகிறது. கவச எண், ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முறை எப்போது என்ற வரிசை), ஆயுதங்களின் சேதம் என்று தாளின் முக்கியமான இடமெல்லாம் அடிப்பதற்கும் அடி தாங்குவதற்கும் போய்விடுகிறது.

ஆனாலும் நான் ஆட்டம் நடத்தும் மேசையில் மிகவும் ரசிக்கிற நேரங்கள் வேறு. ஒரு காவல்காரனை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று நால்வரும் கிசுகிசுத்துக்கொள்வது, பூட்டிய கதவின் முன் உட்கார்ந்து வாதாடுவது, எதிரி என்று நினைத்தவனின் கதையைக் கேட்டுத் திகைப்பது போன்றவைதான் அவை. ஒரு மாலை முழுவதும் அவற்றை மட்டுமே கொண்டு ஓட்ட முடியுமா என்று பார்க்க விரும்பினேன். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள், மூன்றாம் நிலைப் பாத்திரங்கள் நான்கு: ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (தந்திரக்காரர்), கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடுபவர்), டிரூயிட் (இயற்கை மந்திரக்காரர்). ஆட்டம் முழுவதும் தமிழில். இது அதன் தயாரிப்பையும் நடந்ததையும் பற்றிய பதிவு.

தயாரிப்பில் உட்கார்ந்ததும் ஒன்று புரிந்தது. சண்டையை நீக்குவதற்கு ஒரு நொடி போதும். சண்டை அதுவரை மேசையில் பார்த்துவந்த வேலைகளை இனி யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. அந்த வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இனிஷியேட்டிவ் வரிசை இருப்பதால் கூச்ச சுபாவமுள்ளவருக்கும் தன் முறை வந்தே தீரும். ஹிட் பாயிண்ட் குறைவதால் நிலைமை மோசமாகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மந்திர இடங்கள், அதாவது இத்தனை மந்திரம்தான் போடலாம் என்ற கணக்கு, தீர்ந்துபோவதால் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு விலை இருக்கிறது. வரைபடமும் பொம்மைகளும் இருப்பதால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது நடத்துகிறவரின் மண்டைக்குள் மட்டும் இருந்துவிடுவதில்லை. கடைசி எதிரி விழுந்ததும் காட்சி முடிந்துவிடுகிறது. பேச்சில் இவற்றில் எதுவுமே தானாகக் கிடைக்காது. நன்றாகப் பேசுகிறவர் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார், மற்ற மூவரும் பகடையை உருட்டி விளையாடிக்கொண்டிருப்பார்கள், உரையாடல் எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. சண்டையில்லாத செஷன்கள் சலிப்பதற்கு நான் பார்த்தவரை காரணம் இதுதான். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாற்று ஆளை நியமிக்க வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

பிரச்சினையைத் தேர்ந்தெடுத்த விதம்

வாளால் தீர்க்க முடியாத பிரச்சினை ஒன்று வேண்டும். "சண்டை போடக் கூடாது" என்று விதி போட்டால் ஆட்டக்காரர்கள் அந்த விதியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சண்டை போடலாம், ஆனால் போட்டாலும் பிரச்சினை அப்படியே இருக்கும் என்ற நிலைதான் எனக்குத் தேவைப்பட்டது. தண்ணீர் அதற்கு வாகானது. தண்ணீருக்கு ஹிட் பாயிண்ட் கிடையாது.

உலகம் வழக்கமான கற்பனை உலகம். ஏரியை மட்டும் நம் பழைய ஏரிகளிலிருந்து எடுத்தேன். சோழர், பாண்டியர் காலத்து ஏரிகளில் குமிழித் தூம்பு என்ற அமைப்பு உண்டு. ஏரிக்குள் சற்று உள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் கல்தொட்டி, தொட்டியில் நீர் போக ஒரு துளை, தரையோடு சேறு போக வேறு துளைகள், அங்கிருந்து கரைக்கு அடியில் சுரங்கமாய் வயலுக்குப் போகும் கால்வாய். நீரோடித் துளை, சேறோடித் துளை என்ற அந்த இரட்டை ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். தண்ணீரோடு வண்டலையும் வெளியேற்றிவிடுகிற அந்த யோசனையிலேயே ஒரு கதை ஒளிந்திருக்கிறது.

அதைப் பெரிதாக்கினேன். குள்ள இனத்தவரான ட்வார்ஃப்கள் என்றோ கட்டிய ஏரி. ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு மதகுச் சுரங்கம். பல ஆண்டுகளாக மதகு திறக்கப்படாததால் சுரங்கம் காய்ந்து கிடக்கிறது. அந்தக் காய்ந்த சுரங்கத்தில், பல்லி போன்ற சிறு ஜந்துக்களான கோபோல்டுகளின் கூட்டம் ஒன்று குடியேறி நாற்பது முட்டைகளை அடைகாக்கிறது. மழை வலுத்துவிட்டது. ஏரி நிரம்புகிறது. மூன்று நாளில் மதகைத் திறக்காவிட்டால் கரை உடையும். திறந்தால் முட்டைகள் அடித்துக்கொண்டு போகும். ஊர் மக்கள் சாகசக்காரர்களைக் கூப்பிட்டு, "அந்தப் பல்லிகளை விரட்டிவிடுங்கள்" என்கிறார்கள்.

தீர்வு எதையும் நான் எழுதிவைக்கவில்லை. ஆனால் குறைந்தது மூன்று வழிகள் இருக்கின்றனவா என்று சரிபார்த்தேன். முட்டைகளை இடம் மாற்றலாம். வண்டல் அடைத்துக் கிடக்கும் சேறோடித் துளையைத் திறந்து வேறொரு கீழ்ச் சுரங்கம் வழியே நீரை வடிக்கலாம். மிகுநீர் வழிந்தோடும் கலிங்கின் உயரத்தைக் குறைக்கலாம், அதற்குக் கீழ்க்கரை விவசாயிகளின் பயிரைப் பலிகொடுக்க வேண்டும். ஒரே வழி மட்டும் இருந்தால் ஆட்டம் என் மனதில் இருப்பதை ஊகிக்கும் பரீட்சையாகிவிடும்.

கிண்ணமும் கொட்டையும்

முதல் மாற்று ஆள், நேரம். ஒரு பெரிய தாளில் வட்டம் வரைந்து எட்டுத் துண்டாகப் பிரித்தேன். இந்த முன்னேற்றக் கடிகார முறை ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் தி டார்க்' விளையாட்டின் வழியாகப் பரவலானது. அதில் நான்கு, ஆறு, எட்டுத் துண்டு வட்டங்கள் உண்டு. என் வட்டத்துக்குப் பெயர் நீர்மட்டம். அரைநாளுக்கு ஒரு துண்டு தானாக நிரம்பும். நேரத்தை வீணாக்கும் தோல்விக்கு மேலும் ஒன்று. மூன்று நாளுக்கு ஆறு துண்டு, ஆகவே மிச்சம் இரண்டு தவறுகளுக்கு மட்டும் இடம். அதே அரைநாளை முறை வைக்கவும் பயன்படுத்தினேன். ஒவ்வோர் அரைநாளிலும் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யலாம், மேசையைச் சுற்றி இடமிருந்து வலமாக. இனிஷியேட்டிவ் பார்த்த வேலை இதில் அடங்கிவிட்டது.

இரண்டாவது, நம்பிக்கை. ஊருக்கு ஒரு கிண்ணம், கோபோல்டுகளுக்கு ஒரு கிண்ணம், உள்ளே புளியங்கொட்டைகள். ஐந்தாம் பதிப்பின் 2014 டன்ஜன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துகிறவர்) கையேட்டில் உரையாடலுக்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. எதிராளியின் மனநிலையை நட்பு, அலட்சியம், பகை என்று மூன்றாகப் பிரித்து, பகடையில் 10 வந்தால் என்ன, 20 வந்தால் என்ன என்று அது சொல்கிறது. பகையோடிருப்பவரிடம் 20 எடுத்தாலும், தனக்கு ஆபத்தோ இழப்போ இல்லாத காரியத்தைத்தான் செய்வார். நட்போடிருப்பவர் 10க்கே சிறிய ஆபத்தை ஏற்பார், 20க்குப் பெரிய ஆபத்தையும் ஏற்பார். அதாவது எவ்வளவு நாவன்மை இருந்தாலும், பகையாளியாகவே இருக்கும் ஒரு தாயிடம் முட்டைகளை வாங்கிவிட முடியாது. முதலில் அவள் மனநிலை மாற வேண்டும். இந்த அட்டவணையைக் கொட்டைகளோடு இணைத்தேன். கிண்ணத்தில் ஒன்றோ, ஒன்றுமே இல்லாமலோ இருந்தால் பகை. இரண்டு முதல் நான்கு வரை அலட்சியம். ஐந்து வந்தால் நட்பு. கோபோல்டுகளுக்கு இரண்டு, ஊருக்கு மூன்று என்று தொடக்கம். கிண்ணங்கள் மேசை நடுவில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி.

கொட்டை எப்போது விழும், எப்போது போகும்? எதிராளி விரும்புவதை உண்மையில் கொடுத்தால், அல்லது அவர் பயத்தைக் குறைத்தால் விழும். பொய் அம்பலமானால், வாக்குத் தவறினால், அனுமதியின்றி மந்திரம் போட்டால் போகும். கடைசி விதியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒருவரை வசியப்படுத்தும் 'சார்ம் பர்சன்' மந்திரம் முடிந்ததும் தான் வசியப்பட்டது அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும் என்று விதியிலேயே இருக்கிறது. பேச்சுவார்த்தையில் ஒருவர் திடீரென்று கையசைத்து முணுமுணுக்கத் தொடங்கினால், எதிரே இருப்பவர் அதை வாளை உருவியதற்குச் சமமாகத்தான் எடுத்துக்கொள்வார். பகடைக்குச் சிறு உதவி தரும் 'கைடன்ஸ்' என்ற சிறிய மந்திரத்துக்கும் இது பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதற்கும் வாயசைப்பும் கையசைப்பும் தேவை. இல்லையென்றால் கிளெரிக்கும் டிரூயிட்டும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு நான்முகப் பகடையைக் கூட்டிக்கொண்டே இருப்பார்கள், பேச்சு உயிரிழந்துவிடும்.

பிறகு மனிதர்கள். மூன்றே மூன்று பேர்: ஊர்த்தலைவி, கோபோல்டு மூதாட்டி, கிழட்டு மதகுக்காரர். ஆளுக்கொரு அட்டை, அட்டைக்கு மூன்று வரி: என்ன வேண்டும், எதற்குப் பயம், எதை மறைக்கிறார். மூதாட்டிக்குக் குஞ்சு பொரிக்கும்வரை சூடான, காய்ந்த இடம் வேண்டும். ஊர்க்காரர்கள் முட்டைகளை உடைப்பார்கள் என்று பயம். மதகின் தூக்குக்கம்பியைக் கழற்றி ஒளித்து வைத்திருக்கிறாள். தலைவிக்கு ஊரும் பயிரும் தப்ப வேண்டும், தன் தலைமையில் ஊர் அழிந்துவிடுமோ என்று பயம். தன் தந்தை காலத்தில் கோபோல்டுகளின் பழைய பொந்தில் ஊர்க்காரர்கள் புகைபோட்டதை மறைக்கிறாள். மதகுக்காரருக்குச் சேறோடித் துளை இருப்பது தெரியும். வண்டல் எடுக்காமல் பல காலம் விட்டது அவர்தான் என்பதால் வாய்திறக்க வெட்கம்.

முட்டைகள் இருப்பது பாத்திரங்களுக்குத் தெரியாவிட்டால் கதையே நகராது. அதனால் ஜஸ்டின் அலெக்சாண்டரின் மூன்று தடய விதியைப் பின்பற்றினேன்: பாத்திரங்கள் அறிந்தே ஆக வேண்டிய எந்த முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்கள். ஊர்த் தொழுவங்களில் வைக்கோல் காணாமல் போகிறது. சுரங்கத்தின் ஓரிடத்தில் மட்டும் கல் சூடாக இருக்கிறது. காவலுக்கு நிற்கும் கோபோல்டுகள் எல்லோரும் இளைஞர்கள், தாய்மார் ஒருவரும் வெளியே வருவதில்லை.

ஆடுவதற்கு முன்பே நால்வரிடமும் சொல்லிவிட்டேன்: இந்த முறை சண்டையால் தீரும் பிரச்சினை இல்லை, முட்டைகள் ஆபத்தில் இருக்கின்றன, குஞ்சுகள் சாகும் வாய்ப்பும் உண்டு, யாருக்காவது இது மனதுக்கு உறுத்துமா? ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டும் மேசையில் இருந்தது. யார் அதைத் தொட்டாலும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிடுவோம். ஃபைட்டர் ஆடுபவருக்கு வியூகம் வகுப்பதில்தான் சுவை. அவரோடு தனியாகப் பேசினேன். அவர் பாத்திரம், ஃபைட்டர்களில் பேட்டில் மாஸ்டர் என்ற பிரிவு. மூன்றாம் நிலையில் அந்தப் பிரிவுக்கு ஏதாவதொரு கைத்தொழில் கருவியில் தேர்ச்சி கிடைக்கும். பெரும்பாலோர் அதை எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அவர் கொத்தனார் கருவியைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஒரு வரி ஆட்டத்தையே தூக்கி நிறுத்தப்போகிறது என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

கரையில் கலங்கல்

தலைவியின் வீட்டில் தொடக்கக் காட்சி. வேகமாக முடிந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே ஒரு கேள்வியை அட்டையில் எழுதி மேசையில் வைத்திருந்தேன். இந்தக் காட்சிக்கு, "இவர்கள் என்ன நிபந்தனையில் வேலையை ஏற்கிறார்கள்?" கேள்விக்குப் பதில் கிடைத்ததும் அட்டையை எடுத்துவிடுவேன், காட்சி முடிந்தது. கடைசி எதிரி விழுந்தது போன்ற தெளிவு இந்த அட்டையால் வந்தது.

முதல் அரைநாள். மற்றவர்கள் ஊரை விசாரிக்கக் கிளம்ப, ஃபைட்டர் கரையைப் பார்க்கப் போனார். கொத்தனார் கருவித் தேர்ச்சி, இலக்கு எண் 15: இருபதுமுகப் பகடையோடு பாத்திரத்தின் திறமைக்கான கூட்டு எண்ணைச் சேர்த்து அதை எட்ட வேண்டும். பகடையும் கூட்டும் சேர்ந்து 17. கரையின் வெளிப்புற அடியில் நீர் கசிகிறது என்றேன். அவர் உடனே கேட்டார்: "தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா?"

அவர் நிஜ வாழ்க்கையில் கட்டுமானத் துறையில் வேலை செய்பவர். மண்கரையில் தெளிந்த கசிவு பல ஆண்டுகள் இருந்தாலும் கரை நிற்கும். கசிவு கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள், உள்ளே ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது. நான் கலங்கல் என்றேன். மேசை நிமிர்ந்து உட்கார்ந்தது. "அடைக்கக் கூடாது," என்றார் அவர், "அடைத்தால் தண்ணீர் வேறிடத்தில் வழி தேடும். முதலில் மணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல். தண்ணீர் வரட்டும், மண் மட்டும் உள்ளேயே நிற்கட்டும்." இதற்கு நான் பகடை கேட்கவில்லை. சரியான அறிவைச் சரியான இடத்தில் வைத்தவரிடம் எதற்குப் பகடை? ஊர்க்காரர்களைக் கூட்டிக் கூடைகூடையாக மணல் கொட்ட வைத்தார். ஊர்க் கிண்ணத்தில் ஒரு கொட்டை விழுந்தது. அன்றிரவு நிரம்பவிருந்த கூடுதல் துண்டு நிரம்பாமல் தப்பியது. ஹிட் பாயிண்ட் குறைக்காமலேயே ஒரு ஃபைட்டர் தன் வாழ்நாளின் மிகச்சிறந்த சுற்றை ஆடினார்.

ரோக் வைக்கோல் தடயத்தைப் பிடித்தார். டிரூயிட், விலங்குகளோடு பேசும் மந்திரத்தால் தொழுவத்துக் கழுதைகளிடம் விசாரித்தார். கழுதைகளுக்கு வைக்கோல் திருட்டைப் பற்றி மிகத் தெளிவான அபிப்பிராயம் இருந்தது. இந்தக் காட்சி தேவைக்கு மேல் நீண்டது, ஆனால் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள், நான் குறுக்கிடவில்லை.

சுரங்கத்துக்குள்

எப்படி நுழைவது என்று நீண்ட விவாதம். ஒளிந்து போகலாம் என்றார் ரோக். தீப்பந்தத்தோடு, சத்தமிட்டுக்கொண்டே போகலாம் என்றார் கிளெரிக். "ஒளிந்து வருகிறவனை யார் நம்புவார்கள்?" அவர் கட்சி வென்றது. ஆயுதங்களை வாசலிலேயே ஒரு பாறைமேல் அடுக்கினார்கள். இதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

இங்கே ஒரு பழைய விதியைப் பயன்படுத்தினேன். இந்த விளையாட்டின் 1981ஆம் ஆண்டு அடிப்படைத் தொகுப்பில் முதல் சந்திப்புக்கு இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். 2 வந்தால்தான் உடனடித் தாக்குதல், 3 முதல் 5 வரை பகை, 6 முதல் 8 வரை குழப்பம், 9 முதல் 11 வரை தாக்காமல் பேச்சுக்கு இடம்கொடுக்கும், 12 வந்தால் உற்சாகமான நட்பு. 6 முதல் 8 வரை வரும் வாய்ப்பு 36இல் 16. அதாவது எதிரே வரும் ஜந்து ஏறக்குறைய பாதித் தடவை என்ன செய்வதென்று தெரியாமல்தான் நிற்கும். அந்தக் காலத்து விதிகளில், பாத்திரத்தை அடுத்த நிலைக்கு உயர்த்தும் அனுபவப் புள்ளியின் பெரும்பகுதி, அள்ளிவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒன்று என்ற கணக்கில் வந்தது. கொன்றதற்குக் கிடைத்தது சொற்பம். ஆகவே சண்டையைச் சுற்றிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம் என்று அன்றைய ஆட்டக்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். நான் செய்வது புதுமை என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: இந்த விளையாட்டின் வேரிலேயே இது இருக்கிறது.

வந்தது 7. ஈட்டிகளை நீட்டியபடி இளம் கோபோல்டுகள் நின்றன, குத்தவில்லை. டிரூயிட் வைக்கோல் கட்டு ஒன்றைக் கீழே வைத்து, "இது திருடியதில்லை, வாங்கியது. உங்களுக்கு இன்னும் தேவைப்படும் என்று நினைத்தோம்" என்றார். கோபோல்டுக் கிண்ணத்தில் மூன்றாவது கொட்டை.

பேச்சுக் காட்சிகளில் நான் கடைப்பிடித்த முறையைச் சொல்ல வேண்டும். முதலில் ஆட்டக்காரர் என்ன கேட்கிறார், எதைக் கொடுக்கிறார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார் என்பதைச் சொல்வார். நடித்துப் பேசலாம், அல்லது "நான் அவளிடம் இப்படிக் கேட்கிறேன்" என்று விவரிக்கலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. ரோக் ஆடுபவர் அதிகம் பேசாதவர். அவருடைய பாத்திரம் பேச்சில் கெட்டி. ஃபைட்டர் ஆடுபவரைத் தசை வலிமையைக் காட்டச் சொல்லி நாம் மேசையைத் தூக்கச் சொல்வதில்லை. ரோக் ஆடுபவரிடம் மட்டும் ஏன் சொற்பொழிவு கேட்க வேண்டும்? கொண்டுவரும் விஷயம்தான் கணக்கு. நல்ல ஆதாரம் இருந்தால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். கூட்டு 5 உள்ளவருக்கு இலக்கு 15 என்றால் வெற்றி வாய்ப்பு 55 சதவீதம். அட்வான்டேஜ் கிடைத்தால் ஏறக்குறைய 80. இந்த வித்தியாசம் தெரிந்த பிறகு ஆட்டக்காரர்கள் பேசுவதற்கு முன் ஆதாரம் தேடி ஓடத் தொடங்கினார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

பத்து நிமிடம்

மாலையின் உச்சம் 'ஸோன் ஆஃப் ட்ரூத்' என்ற உண்மை வட்ட மந்திரம். கிளெரிக்கிடம் இரண்டாம் நிலை மந்திர இடங்கள் இரண்டுதான். அவற்றில் ஒன்றைச் செலவிட்டுத் தலைவியையும் மூதாட்டியையும் ஒரே வட்டத்துக்குள் நிற்க வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். பதினைந்து அடி ஆரம். உள்ளே நிற்பவர் பகடையில் தப்பாவிட்டால் தெரிந்தே பொய் சொல்ல முடியாது. ஆனால் பேசாமல் இருக்கலாம், மழுப்பலாம். தப்பினாரா இல்லையா என்பது மந்திரம் போட்டவருக்குத் தெரியும். பத்து நிமிடம் நீடிக்கும்.

மூதாட்டி ஒரு நிபந்தனை போட்டாள்: "முதலில் அவள் நிற்கட்டும். பிறகு நான்." தலைவியைச் சம்மதிக்க வைப்பதற்கே ஓர் அரைநாள் போனது, நீர்மட்டம் ஐந்தைத் தொட்டது. கரையில் கலங்கல் தெளிந்துவிட்டதை ஃபைட்டர் காட்டியதால்தான் அவள் வந்தாள்.

கிளெரிக்கின் மந்திரத்திலிருந்து தப்ப இலக்கு எண் 13. இருவருக்கும் வெளிப்படையாகப் பகடை உருட்டினேன். இருவரும் தப்பவில்லை. அலைபேசியில் பத்து நிமிட டைமர் வைத்து மேசை நடுவில் நிறுத்தினேன். மந்திரத்தின் நேரமும் நம் நேரமும் ஒன்று. மணி அடித்ததும் மந்திரம் முடியும்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடான சண்டைக் காட்சியை நான் இதுவரை நடத்தியதில்லை.

மூதாட்டி நேராகக் கேட்டாள். "உன் அப்பன் காலத்தில் எங்கள் பொந்தில் புகை போட்டது யார்?"

தலைவியாக நான் சொன்னேன்: "அதைப் பேச நான் இங்கே வரவில்லை."

மேசையில் அமைதி. டைமர் ஓடிக்கொண்டிருந்தது. கிளெரிக் தலைவியைப் பேசச் சொல்லி வற்புறுத்தத் தொடங்கினார். நான் பிடிகொடுக்கவில்லை. ஏழு நிமிடம் மிச்சமிருக்கையில், அதுவரை வாய்திறக்காத ரோக் முன்னால் வந்தார். "பாட்டி, அவர் சொல்லாததே உங்களுக்குப் பதில். அதை நீங்களும் அறிவீர்கள். அடுத்த கேள்வியை நான் கேட்கலாமா?" பிறகு தலைவியிடம் திரும்பினார். "அம்மா, இந்த முட்டைகளை உடைக்க நினைக்கிறீர்களா? இப்போது, உங்கள் மனதில்?"

"இல்லை."

வட்டத்துக்குள் சொல்லப்பட்ட இல்லை. மழுப்பல் இல்லாத ஒரு சொல். கிளெரிக் மூதாட்டியைப் பார்த்து, "அவர் என் மந்திரத்திலிருந்து தப்பவில்லை, என் தெய்வத்தின்மேல் ஆணை" என்றார். இரண்டு கொட்டைகளை எடுத்துக் கோபோல்டுக் கிண்ணத்தில் போட்டேன். மூன்று ஐந்தானது. மூதாட்டி தன் முறைக்கு வட்டத்தில் நின்று, யாரும் கேட்காமலேயே, தூக்குக்கம்பி எங்கே இருக்கிறது என்று சொன்னாள்.

ரோக் ஆடுபவரின் அந்தக் கேள்வி என் தயாரிப்பில் எங்கும் இல்லை. கடந்ததைப் பற்றிய மௌனத்தை உடைக்க எல்லோரும் முட்டிக்கொண்டிருந்தபோது, இப்போதைய எண்ணத்தைக் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. முறை வைத்து ஆடியதால், அவருக்கான இடம் எப்போதும் திறந்தே இருந்தது. நானும் கிளெரிக்கும் அந்த இடத்தை நிரப்பிவிடவில்லை.

சூளை

முட்டைகளை எங்கே வைப்பது? என் குறிப்பில் கோயில் மடைப்பள்ளி என்று எழுதியிருந்தேன். டிரூயிட் வேறு சொன்னார்: "இந்த ஊரில் குயவர் இருக்கிறாரா? மழைக்காலத்தில் சூளை மூட்ட மாட்டார்கள். உள்ளே காய்ந்திருக்கும், கொஞ்சம் தணல் போட்டால் சூடு நிற்கும்." என் யோசனையைவிட இது பல மடங்கு மேல். குயவர் அந்த நொடியில் ஊருக்குள் குடிவந்தார்.

ஊர்க்காரர்கள் எல்லோரும் சம்மதிக்கவில்லை, ஆகவே இரவோடிரவாகக் கொண்டுபோக வேண்டும். இதற்கு நான்காம் பதிப்பு 2008இல் கொண்டுவந்த ஸ்கில் சேலஞ்ச் முறையை எடுத்துக்கொண்டேன். மூன்று தோல்விகள் வருவதற்குள் குறித்த எண்ணிக்கையில் வெற்றிகள் வேண்டும். நான் ஆறு என்று வைத்தேன். ஒரே திறமையை அடுத்தடுத்து இருவர் பயன்படுத்தக் கூடாது என்பது என் சொந்தச் சேர்க்கை. ஃபைட்டர் கூடைகளைத் தோளில் ஏற்றினார், ரோக் தெருக்களை முன்னால் சென்று பார்த்தார், டிரூயிட் பழைய சிநேகத்தில் கழுதைகளை அமைதிப்படுத்தினார். இரண்டு தோல்விகள் வந்தன. இரண்டிலும் முட்டை எதுவும் உடையவில்லை. தோற்றால் கதை நின்றுபோகக் கூடாது, திசைதான் மாற வேண்டும். முதல் தோல்வியில் கழுதை ஒன்று முரண்டு பிடித்து நேரம் போனது, நீர்மட்டம் ஏழு. இரண்டாவதில் விவசாயி ஒருவர் விளக்கோடு வெளியே வந்து கூச்சலிட்டார், கூட்டம் சேர்ந்தது. அப்போது ஊர்க் கிண்ணத்தில் ஐந்து கொட்டைகள் இருந்தன. கிளெரிக் தலைவியிடம், "இப்போது நீங்கள் முன்னால் நடக்க வேண்டும்" என்று கேட்டார். நட்பு நிலை, பெரிய ஆபத்து, இலக்கு 20. அட்வான்டேஜோடு உருட்டியதில் 21.

தலைவி விளக்கை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மதகு விடியலில் திறந்தது.

முடிந்த பிறகு

அனுபவப் புள்ளி எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். ஜந்துக்களின் விவரத் தொகுப்பான மான்ஸ்டர் மானுவலில் கோபோல்டு ஒன்றைத் தோற்கடித்தால் 25 புள்ளி என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு கோபோல்டுத் தாயின் நம்பிக்கைக்கு எண் கிடையாது, நடத்துகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்றாம் நிலையின் 900இலிருந்து நான்காம் நிலையின் 2700க்குப் போக 1800 வேண்டும். முழுதும் கொடுத்தேன். சண்டையைவிடப் பேச்சுக்குக் குறைவான கூலி என்று ஒரு முறை தோன்றிவிட்டால், அடுத்த முறை யாரும் வாளைப் பாறைமேல் வைக்க மாட்டார்கள்.

இதே செஷனை இன்னொரு குழுவுக்கு நடத்தப்போகிறேன், சில மாற்றங்களோடு. மதகுக்காரருக்கு இந்த முறை வேலையே வரவில்லை. சேறோடித் துளையைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரை முதல் காட்சியிலேயே கரைமேல் நிறுத்தப்போகிறேன், ஃபைட்டர் மாதிரி ஒருவர் இல்லாத குழுவுக்கும் கலங்கல் நீரைக் காட்ட ஓர் ஆள் வேண்டுமல்லவா? கொட்டை விழும் நேரத்தில் என்ன காரணத்துக்காக விழுகிறது என்பதை உரக்கச் சொல்வேன். சொன்ன இடங்களில் ஆட்டக்காரர்கள் எதிராளியின் மனதை வேகமாகப் படித்துக்கொண்டார்கள். நீர்மட்ட வட்டத்தை எட்டாகவே வைத்திருப்பேன். பத்துத் துண்டு போட்டால் இரவுப் பயணத்தில் யாரும் வியர்க்க மாட்டார்கள்.

நடத்திப் பார்க்க விரும்புகிறவர்கள் மூன்று அட்டைகளோடு தொடங்கலாம். அட்டையின் மூன்றாவது வரி, "எதை மறைக்கிறார்" என்பது, மற்றொருவருடைய இரண்டாவது வரியான பயத்தோடு எங்காவது தொட வேண்டும். தலைவி மறைத்த புகைதான் மூதாட்டியின் பயம். இந்த முடிச்சு மட்டும் சரியாக விழுந்துவிட்டால், பேச்சை நாம் தள்ள வேண்டியதில்லை, இரு பாத்திரங்களும் தாமாகவே ஒருவரையொருவர் தேடி வருவார்கள். முடிச்சு விழாவிட்டால், அட்டைகளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஆட்டத்துக்கு முன்பு அதற்குச் செலவிடும் நேரம்தான் இந்த மொத்த வேலையிலும் மிகவும் பலன் தருவது.